மூன்றாவது வளைவில் ஒரு கோடு சிக்னல்

பேபிச்சன் கேட்டது மேகம்.
குமுளியில் கிரேன் வைத்திருப்பவர்,
இருபது வருஷமாய்க் கவிழ்ந்த லாரிகளைத்
தூக்கி நிறுத்துகிறவர்,
"திறந்ததும் மலை வரணும் மோளே,
மலைமேல மஞ்ஞு நகரணும்" என்றார்.

கம்பத்தில் ஏலக்காய் கமிஷன் கடைக்கு மேலே என் அறை.
செய்து கொடுத்தேன்.
ட்ரோன் விட்டுப் பிடித்த படம்:
லோயர் கேம்ப்பின் ராட்சதக் குழாய்கள்
வெள்ளிக் கோடுகளாய் இறங்க,
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒரு மஞ்சள் கிரேன் எறும்பாய் ஏறும்.
எழுத்துகள் பனிக்குள்ளிருந்து
ஒவ்வொன்றாய் வரும்.
போன் நம்பர் நான்காவது திரையில்,
சாம்பல் நிறத்தில், மெலிந்து,
நாகரிகமாய்.

பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம்,
அவர், நான்,
கீழ்க்கடைத் தராசுக்காரர்கூட.

கார்த்திகை பிறந்தது.
மாலை போட்டவர்களின் பேருந்துகள்
மலையேறத் தொடங்கின.
ஆறு நாள் போன் அடிக்கவில்லை.
ஏழாம் நாள் அடித்தது, போலீஸ்.
பேபிச்சன் ஒன்றும் பேசாமல்
என்னையும் கிரேனில் ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது வளைவு. மழை.
நெல்லூர் பஸ் ஒன்று ஆக்சில் முறிந்து
குறுக்கே கிடந்தது.
"இப்ப திற" என்றார்.

திறந்தேன்.
வட்டம் சுற்றியது.
ஒரு வட்டம் எத்தனை முறை சுற்றும் என்று
அதுவரை நான் எண்ணியதில்லை.
மலை பாதி வந்தது.
முழு மலை எங்கள் தலைக்கு மேலேயே
நனைந்துகொண்டு நின்றது.
ஈர விரல் தொட்டதையெல்லாம்
திரை தப்பாய்ப் புரிந்துகொண்டது.
பஸ் டிரைவர் தன் போனை நீட்டினார்,
என்னமோ தெலுங்கில் கேட்டார்.
அதிலும்
என் வட்டம்.

அன்றிரவே எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
மலை, பனி, மிதந்து வரும் எழுத்து.
வெள்ளைத் தாள், கறுப்பு எண், அவ்வளவுதான்.
கண் சிமிட்டுவதற்குள் திறந்தது.
கோபத்தில் செய்த வேலைக்கு
ஒரு சுத்தம் உண்டு.
அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் கடைவாய்ப் பல்லில் வலி.
உத்தமபாளையத்துப் பல் டாக்டர் மங்களேஸ்வரி
நாற்காலியில் என்னைச் சாய்த்துவிட்டு
என்ன வேலை என்று கேட்டார்.
சொன்னேன்.
"அடடா, அந்த கிரேன்காரர் பக்கமா?
போன மாசம் வண்டி நின்னுபோச்சு.
ராத்திரி பதினோரு மணி,
பின் சீட்ல பையன் காய்ச்சலோட.
தேடினதும் முதல்ல வந்தது அதுதான்.
வெறும் நம்பர்.
யாரோட நம்பர்?
பஸ் ஸ்டாண்டு சுவத்துல
கரியால கிறுக்கின மாதிரி.
கூப்பிடப் பயமா இருந்துச்சு.
கதவைப் பூட்டிக்கிட்டு
விடியறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

வாய் திறந்தபடி இருந்ததால்
நான் பதில் சொல்லவில்லை.

இப்போது இருப்பது மூன்றாவது.
மேலே எண்,
கட்டை விரலை விடவும் அகலமாய்,
கிரேனின் அதே மஞ்சளில்,
நடுங்குகிற கையும் தவறவிடாதபடி.
அடுத்து, இழுவைக் கூலி எவ்வளவு என்று ஒரு வரி,
மூன்று மொழியில்.
அதன் கீழே பேபிச்சன்:
மழைக்கோட்டில், நெற்றி விளக்கோடு,
சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல்.

அந்தப் படத்தின் எடையைக் குறைக்க
ஒரு மதியம் முழுக்கப் போனது.
கொஞ்சம் குறைத்தால் முகம் உடைந்தது,
கொஞ்சம் கூட்டினால் வட்டம் வந்தது.
கீழே தராசுக்காரர்
ஏலக்காயை ஒரு சிட்டிகை போடுவதும்
அரைச் சிட்டிகை எடுப்பதுமாய் இருந்தார்.
கன்னத்து மச்சம் தெரிகிற இடத்தில்
நான் நிறுத்திக்கொண்டேன்.

"மஞ்ஞு?" என்கிறார் இன்னும்.
போடாமல் இல்லை.
எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிறேன்,
விரும்பித் தொட்டால் மட்டும் ஓடும்படி.
இந்த மாதம் பன்னிரண்டு முறை ஓடியிருக்கிறது.
பன்னிரண்டும் குமுளியிலிருந்து,
நள்ளிரவு தாண்டி,
கடைசி வண்டியை இறக்கிவிட்ட
ஷெட்டின் வைஃபையில்.